கடைசி இன்னிங்ஸில் பன்ட் அடிக்கலாமா? புதியவர்களுக்குப் படிப்படியாக

பேஸ்பால் பார்க்கத் தொடங்கியவர்களை அதிகம் குழப்பும் கட்டம் இது. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் வித்தியாசம், முதல் பேஸில் ஆள் நிற்கிறார் (நான்கு பேஸையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன்), இன்னும் யாரும் அவுட் இல்லை. அடுத்து வந்த பேட்டர் ஓங்கி அடிக்காமல் மட்டையைக் குறுக்கே நீட்டி, பந்தை மெல்லத் தொட்டு உருட்டிவிடுகிறார். இதுதான் பன்ட். அவர் அவுட். ரன்னர் இரண்டாவது பேஸுக்குப் போய்விடுகிறார். பாதிப் பேர் கைதட்டுகிறார்கள், மீதிப் பேர் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்பதை ஸ்கோர்போர்டைப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடலாம். கீழே உள்ள வரிசையில் யோசித்தால் போதும்.

படி 1: கொடுக்கிற விலையைப் பாருங்கள்

ஓர் அணிக்கு ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், முழு ஆட்டத்துக்கு 27. சாக்ரிஃபைஸ் பன்ட் என்பது அதில் ஒன்றைத் தெரிந்தே விட்டுக்கொடுத்து ஒரு பேஸை வாங்குவது. எதிரணி பிட்சர் (பந்து வீசுபவர்) பாடுபட்டு எடுக்க வேண்டிய அவுட்டை நாமே தருகிறோம். அதனால் "ஏன் பன்ட் அடிக்கவில்லை?" என்று கேட்பதை விட "எதற்காக இந்த அவுட்டைக் கொடுத்தார்கள்?" என்று கேட்டுப் பழகுங்கள்.

படி 2: எத்தனை ரன் தேவை என்று கேளுங்கள்

சண்டை போடுகிற பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பன்ட் நன்றாக அமைந்தால் ஒரு ரன் வருவதற்கான வாய்ப்பு கூடலாம். ஆனால் இரண்டு, மூன்று ரன் குவிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் குறையும்.

ஸ்கோர் சமன், ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதி, பேட் செய்வது சொந்த மண்ணில் ஆடும் அணி. ஒரு ரன் வந்தாலே ஆட்டம் முடிந்தது, இரண்டாவது ரன்னால் பைசா பிரயோஜனம் இல்லை. பன்ட்டுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. அதே அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தால் கதை வேறு. ஒரு ரன் எடுத்தாலும் ஸ்கோர் சமன் ஆகும், அவ்வளவுதான். அதற்கப்புறம் கூடுதல் இன்னிங்ஸில் யார் ஜெயிப்பார்கள் என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. விருந்தினர் அணியாக இருந்தாலோ, நீங்கள் எடுத்து முடித்த பிறகு எதிரணிக்கு இன்னொரு முறை பேட் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. மூன்றாவது, நான்காவது இன்னிங்ஸில் நல்ல பேட்டரை பன்ட் அடிக்கச் சொல்வது வீண் என்பது என் உறுதியான கருத்து.

படி 3: ரன்னர் எந்த பேஸில் இருக்கிறார்?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மேஜர் லீகில் 2010 முதல் 2015 வரை நடந்த ஆட்டங்களை வைத்துப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. பேஸில் யார் இருக்கிறார், எத்தனை அவுட் என்ற ஒவ்வொரு நிலையிலும் அந்த இன்னிங்ஸில் குறைந்தது ஒரு ரன்னாவது வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று அது சொல்கிறது.

முதல் பேஸில் ஆள், அவுட் இல்லை: சுமார் 42 சதவீதம். பன்ட் அடித்து அவரை இரண்டாவது பேஸுக்கு அனுப்பி ஓர் அவுட் ஆனால்: 40. பன்ட் கச்சிதமாக அமைந்தும் வாய்ப்பு ஏறவில்லை! எடுக்கக்கூடிய ரன்களின் சராசரியும் சுமார் 0.86லிருந்து 0.66க்கு இறங்கிவிடுகிறது. நாம் அடிக்கடி பார்க்கும் பன்ட் இதுதான், கணக்குப்படி பலன் குறைவானதும் இதுதான்.

இரண்டாவது பேஸில் ஆள், அவுட் இல்லை: 61 சதவீதம். அவரை மூன்றாவதுக்கு நகர்த்தினால் 66. முதல், இரண்டாவது பேஸ் இரண்டிலும் ஆள் இருந்தால் 61லிருந்து 68 ஆகிறது. இங்கே நிஜமாகவே லாபம் உண்டு. ஓர் அவுட்டுடன் மூன்றாவது பேஸில் ஆள் நின்றால் ஹிட்டே (பேட்டர் பத்திரமாக பேஸ் சேரும் அடி) தேவையில்லை. ஆழமாகப் போகும் ஒரு கேட்ச் போதும், பிடித்தவுடன் அவர் ஓடி வந்துவிடலாம்.

படி 4: பன்ட் சொதப்பினால்?

மேலே சொன்ன எண்கள் எல்லாம் பன்ட் சரியாக விழுந்தால் வருபவை. மட்டையில் பட்டு மேலே எழும்பிக் கேட்ச் ஆகலாம், முன்னால் ஓடும் ரன்னரே அவுட் ஆகலாம், இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு (மூன்று ஸ்ட்ரைக் என்றால் பேட்டர் அவுட்) பன்ட் ஃபவுல் போனால், அதாவது கோட்டுக்கு வெளியே போனால், அதுவே ஸ்ட்ரைக்-அவுட். இதையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவோம்.

இரண்டாவது பேஸில் ஆள், அவுட் இல்லை, 100 முறை பன்ட் அடிக்கிறோம். 80 முறை சரியாக அமைகிறது: அவற்றில் 66 சதவீதம் என்றால் ஏறக்குறைய 53 முறை ரன். மீதி 20 முறை பேட்டர் கேட்ச் கொடுத்துவிட்டு ரன்னர் இரண்டாவதிலேயே நிற்கிறார்: அங்கே 40 சதவீதம், ஆக 8 முறை. மொத்தம் 61. பன்ட்டே அடிக்காமல் இருந்தாலும் 61தான்! பத்துக்கு எட்டு முறை சரியாக அடிப்பவரால்கூட எதுவும் மிச்சமாகவில்லை. அதற்கு மேல் நேர்த்தி உள்ளவருக்கு, அல்லது ஃபீல்டர் தடுமாறுவார் என்று நம்ப இடம் இருக்கும்போது, பன்ட் லாபம்.

இதற்கு ஓர் ஆட்டத்தையே உதாரணமாகச் சொல்லலாம். மேஜர் லீகின் இறுதிப் போட்டியான 2001 உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 2-1 என முன்னிலை, பந்து வீசுபவர் மரியானோ ரிவேரா. அரிசோனாவின் மார்க் கிரேஸ் ஹிட் அடிக்க, அவருக்குப் பதிலாக டேவிட் டெலுச்சி ஓட வருகிறார். டேமியன் மில்லர் பன்ட் அடிக்கிறார். பந்தை எடுத்த ரிவேரா இரண்டாவது பேஸுக்குத் தவறாக எறிய, இருவருமே தப்பிக்கிறார்கள். அடுத்து ஜே பெல். 1990ஆம் ஆண்டு ஒரே சீசனில் 39 சாக்ரிஃபைஸ் பன்ட் அடித்தவர். அவரும் பன்ட் அடிக்கிறார். பந்து நேராக ரிவேராவிடமே போகிறது, மூன்றாவது பேஸில் டெலுச்சி அவுட். மோசமான பன்ட்டுக்கு எதிரணி பிழையால் பலன் கிடைத்தது, கைதேர்ந்தவரின் பன்ட் வீணாய்ப் போனது. அப்புறம் அரிசோனாவைக் கரையேற்றியது டோனி வோமேக்கின் டபுளும் (பேட்டரை இரண்டாவது பேஸ் வரை சேர்க்கும் ஹிட்) லூயிஸ் கொன்சாலஸின் ஹிட்டும்தான். இரண்டுமே மட்டையைச் சுழற்றி அடித்தவை.

படி 5: பேட்டர் யார்?

மேலே உள்ள சதவீதங்கள் சராசரி பேட்டருக்கானவை. பேட்டர் பலவீனமானவர் என்றால் பன்ட்டின் விலை குறைகிறது. மேஜர் லீகின் இரு லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் பிட்சர்களும் பேட் செய்துகொண்டிருந்த காலத்தில் அவர்களைப் பன்ட் அடிக்கச் சொன்னது இதனால்தான். 2022 முதல் இரண்டு லீகிலும் பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் பேட் செய்கிறார், அதனால் பன்ட்டும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

அப்படியானால் ஃபார்ம் இழந்த நல்ல பேட்டர்? நாடுகள் மோதும் 2023 வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் அரையிறுதி. ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதியில் மெக்சிகோ 5-4 என முன்னிலை. ஜப்பானின் ஓதானி டபுள் அடிக்கிறார், யோஷிடா வாக் (பிட்சர் நான்கு பந்துகளைத் தவறாக வீசியதால் அடிக்காமலே முதல் பேஸ்) வாங்குகிறார். முதல், இரண்டாவது பேஸில் ஆட்கள், அவுட் இல்லை. வருபவர் முரகாமி, அன்று மூன்று முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆனவர். பன்ட்டைப் போற்றும் நாடு ஜப்பான். 533 சாக்ரிஃபைஸ் பன்ட் அடித்து உலக சாதனை வைத்திருக்கும் மசஹிரோ கவாய் அந்த நாட்டுக்காரர்தான். ஆனாலும் மேலாளர் குரியாமா முரகாமியை அடிக்கவே விட்டார். முந்தைய ஆண்டு 56 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி வேலிக்கு வெளியே போகும் அடி) அடித்தவர் அல்லவா! பந்து தடுப்புச் சுவர் வரை பறந்தது, இரண்டு ரன், ஆட்டம் முடிந்தது. பந்து சுவரைத் தொட்டதால் மட்டும் அந்த முடிவு சரியாகிவிடவில்லை. ஒரு ரன் பின்தங்கிய நிலையில் வெற்றி ரன் முதல் பேஸில் நின்றது, அடித்தவர் ஒரே அடியில் இருவரையும் கொண்டுவரக்கூடியவர். கேட்ச் ஆகியிருந்தாலும் நான் அதையே ஆதரித்திருப்பேன்.

படி 6: உருட்ட வேண்டிய திசை

அடிக்கும் விதம் கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: கையைத் தளர்த்தி ஆடும் தடுப்பாட்டம் மாதிரி. மட்டையை ஸ்ட்ரைக் ஸோனின் (சரியான பந்து வர வேண்டிய எல்லை) மேல் விளிம்பில் பிடித்து, தாழ்ந்த பந்துக்கு முழங்காலை மடக்க வேண்டும். முதல் பேஸில் மட்டும் ஆள் இருந்தால் பந்தை முதல் பேஸ் பக்கம் உருட்டுவது நல்லது, ஏனென்றால் அங்கே உள்ள ஃபீல்டர் ரன்னரைக் கவனித்து பேஸோடு ஒட்டி நிற்பார். இரண்டு பேஸிலும் ஆள் இருந்தால் மூன்றாவது பேஸ் பக்கம், பிட்சரைத் தாண்டி. அந்தப் பக்க ஃபீல்டர் பந்தை எடுக்க முன்னால் வந்துவிட்டால் மூன்றாவது பேஸ் காலி. ஜே பெல் அன்று தவறவிட்டது இந்த இடத்தைத்தான்.

படி 7: பத்தாவது இன்னிங்ஸ்

2020 முதல் மேஜர் லீகின் வழக்கமான சீசன் ஆட்டங்களில் கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாவது பேஸில் ஒரு ரன்னருடன் தொடங்குகிறது. பார்த்த உடனே பன்ட் அடிக்கத் தோன்றும். முதலில் பேட் செய்யும் விருந்தினர் அணி அவசரப்படக் கூடாது. ஒரே ரன் எடுத்துவிட்டு நிறுத்தினால், எதிரணிக்கும் அதே ரன்னர், அதே 61 சதவீதம் காத்திருக்கிறது. விருந்தினர் அணியை ரன் எடுக்க விடாமல் சுருட்டிய பிறகு பேட் பிடிக்கும் சொந்த மண் அணியிடம், பன்ட் நன்றாக வரும் ஒருவர் வரிசையில் முதலில் இருந்தால், தயங்காமல் உருட்டச் சொல்லலாம்.