அஸ்திவாரச் சுவருக்கு எப்போது மண் போடலாம்?

கான்கிரீட் சுவரின் பலகை பிரித்த மறுநாளே ஜேசிபிக்காரர் வந்து நிற்பார். அவருக்கு அடுத்த வேலை இருக்கும். நீங்கள் அவசரப்படாதீர்கள்.

இரண்டு பக்கமும் மண் வரும் தாழ்வான அஸ்திவாரம் என்றால் பெரிய சிக்கல் இல்லை. சுவரை நன்றாக நனைத்து, ஒரு வாரம் கழித்து, இரண்டு பக்கமும் சமமாக ஏற்றிக்கொண்டு போகலாம்.

நம் குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டார் பக்கத்துச் சரிவு நிலத்தில் கதையே வேறு. அங்கே சுவர் ஒரு பக்கம் மட்டும் மண்ணைத் தாங்க வேண்டும். கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கணக்கில்தான் பார்ப்பார்கள். 7 நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் இன்னும் மெதுவாக இறுகும். நிலவறைச் சுவருக்கு நாள் கணக்கு மட்டும் போதாது; மேல்தளம் போட்டு, அது இறுகிச் சுவரைப் பிடித்த பிறகே மண். அதுவரை பொறுக்க முடியாதா? இன்ஜினியரைக் கேட்டு உள்ளே முட்டு கொடுங்கள்.

நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. செம்மண் ஊறினால் எடை கூடும், தண்ணீரும் சுவரைத் தள்ளும். அதனால் சுவரை ஒட்டி ஜல்லி, தண்ணீர் வடிய பிவிசி குழாய். இதில் மிச்சம் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

மண்ணை அரை அடிக்கு மேல் ஒரே தடவையில் கொட்டாமல், லேசாக நனைத்துத் திமிசு போட்டு இடித்து இறுக்குங்கள். சேறாக இருந்தால் காயட்டும். மண்ணில் ரப்பர் மர வேர், கட்டிட இடிபாடு கூடாது. அப்புறம் ஜேசிபி, சுவரின் உயரமளவு தூரம் தள்ளியே நிற்கட்டும்.