மீன் தொட்டிச் செடிகளுக்கு ஒரு கத்தரி, ஒரு இடுக்கி: எதை வாங்குவது, எப்படிப் பிடிப்பது

செடி வைத்த மீன் தொட்டியை ஆரம்பித்துவிட்டு என்னிடம் பேசுகிறவர்கள், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். "அண்ணே, செடி தண்ணிக்கு மேல வந்து மடங்கிக் கிடக்குது. எதை வெச்சு வெட்டுறது?" நல்ல செய்திதான். செடி பிடித்துவிட்டது என்று அர்த்தம். இனிமேல்தான் வேலை.

நான் முதன்முதலில் வெட்டியது பால் கவர் வெட்டும் கத்தரியால். ரோட்டாலா என்ற செடி, நூல் மாதிரி தண்டு. கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவில் தண்டு மடங்கியதே தவிர வெட்டுப்படவில்லை. இழுத்துப் பிய்த்துவிட்டேன். நான்கே நாளில் நசுங்கிய இடம் பழுப்பாகிக் குழைந்துபோனது. அடுத்த தப்பு நேர் எதிர்ப்பக்கம். உறையோடு வரும் ஐந்து கருவி கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வீடு கடலூர் முதுநகரில், துறைமுகம் கூப்பிடு தூரம். இரண்டாவது மாதமே கத்தரியின் மூட்டில் துரு. அந்த ஐந்தில் மூன்றை இன்றுவரை தண்ணீரில் நனைத்ததே இல்லை.

அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: கிட் வேண்டாம். ஒரு நல்ல கத்தரி, ஒரு நல்ல இடுக்கி, போதும். மீதியெல்லாம் வீட்டிலேயே கிடக்கிறது.

படி 1: முதலில் தொட்டியைப் பாருங்கள்

உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நம் பக்கம் பலரும் வைத்திருப்பது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி; விளிம்புவரை நிரப்பினால் சுமார் 54 லிட்டர். அடியில் 2 அங்குலம் மண் போட்டு, மேலே ஒரு அங்குலம் விட்டால், தண்ணீர் 9 அங்குலம்தான். இதற்கு 20 முதல் 25 செ.மீ. நீளக் கருவி தாராளம். ஒன்றரை அடி உயரத் தொட்டி என்றால் 30 செ.மீ. பார்க்கலாம். நீளம் கூடக்கூட முனை ஆடும், கை சீக்கிரம் வலிக்கும். தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள்.

அடுத்து, என்ன செடி? ரோட்டாலா, லுட்விஜியா, நம் ஊர் வாய்க்கால் ஓரத்தில் முளைக்கும் நீர்ப்பிரமி எல்லாம் தண்டுச் செடி. கத்தரிக்கு நிறைய வேலை கொடுக்கும். கட்டையில் வேர்பிடித்து மெதுவாக வளரும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மட்டும் வைத்திருக்கிறீர்களா? கத்தரியை மாதத்துக்கு ஒரு முறை எடுத்தால் பெரிது. பாசி போலப் படரும் ஜாவா மாஸ் இருந்தால் வளைந்த கத்தரி கட்டாயம்.

படி 2: கத்தரி

கடையில் நான்கைந்து வடிவம் காட்டுவார்கள். நேர் கத்தரி பின்வரிசைத் தண்டுச் செடிகளுக்கு நல்லது. முனை வளைந்தது, மண்ணை ஒட்டி வளரும் செடிக்கும் மாஸுக்கும். மணிக்கட்டு கண்ணாடியில் இடிக்காமல் படுக்கைவாக்கில் வெட்டலாம். கைப்பிடியும் அலகும் ஆளுக்கொரு பக்கம் வளைந்த 'வேவ்' கத்தரி, விரலால் அழுத்தினால் மூடும் ஸ்பிரிங் கத்தரி, இரண்டும் இப்போது வேண்டாம். தரை முழுக்கப் புல் மாதிரி செடி வளர்க்கும் நாள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு வளைந்த முனைக்கு. நேர் கத்தரி செய்யும் வேலையையும் அது முக்கால்வாசி செய்துவிடும்.

வாங்கும்போது இதைச் செய்து பாருங்கள். டீக்கடை டிஷ்யூ ஒன்றை நனைத்து, கத்தரியின் நுனியால் மட்டும் வெட்டுங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் எல்லாக் கத்தரியும் வெட்டும்; மட்டமானது நுனியில் ஈரத்தாளைக் கவ்வி மெல்லும். தொட்டிக்குள் நமக்கு வேலை நுனியில்தான். அப்புறம் மூட்டைப் பாருங்கள். ஆணி அடித்து இறுக்கியதைவிட, ஸ்க்ரூ வைத்தது மேல். கழற்றித் துடைக்கலாம், தளர்ந்தால் இறுக்கலாம்.

"காந்தம் ஒட்டுனா டூப்ளிகேட் சார்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். கத்தரி விஷயத்தில் அது சரியில்லை. சமையலறைப் பாத்திரத்தில் வரும் 304 எவர்சில்வரில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் அதைச் சூடேற்றிக் கடினமாக்க முடியாது, கூர் நிற்காது. கத்தரிக்குப் பொதுவாக 420 போன்ற 400 வரிசை எஃகைத்தான் போடுவார்கள். அதில் காந்தம் ஒட்டும். குரோமியமும் குறைவு: 304இல் 18 சதவீதம் என்றால் இதில் 12 முதல் 14 தான். கூர் வேண்டும் என்றால் கொஞ்சம் துருவையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அதை எப்படிச் சமாளிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

படி 3: இடுக்கி

பாட்டிமார் இடுப்புச் சாவிக்கொத்தில் முள்வாங்கி தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? அதன் பெரிய தம்பிதான் இது. 25 செ.மீ. நேர் முனை ஒன்று வாங்குங்கள். உட்பக்கம் நுனியில் வரி வரியாகப் பள்ளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தண்டு வழுக்கும். மூடிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நுனி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நேராகச் சேர வேண்டும். தலைமுடி ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், நழுவக் கூடாது. இன்னொன்று, மூட அதிக அழுத்தம் கேட்கும் இடுக்கி வேண்டாம். முப்பது தண்டு நடுவதற்குள் கட்டைவிரல் கடுக்கும். வெட்டுகிற வேலை இல்லாததால் இதை 304இலேயே வாங்கலாம்.

மீன் கடையில் நல்லதாகக் கிடைக்கவில்லை என்றால், புதுச்சேரி போகும்போது கோரிமேட்டில் ஜிப்மர் பக்கம் சர்ஜிக்கல் பொருள் விற்கும் கடைகளைப் பாருங்கள். காயத்துக்குக் கட்டுப்போடும் நீள ஃபோர்செப்ஸ் 10 அங்குலத்திலும் வருகிறது. நான் கேட்டபோது கடைக்காரர், "எந்த டிபார்ட்மென்ட் சார் நீங்க?" என்றார். "மீன் தொட்டிண்ணே" என்றேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

படி 4: மீதிக்கு வீட்டைத் துழாவுங்கள்

கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டக் காலாவதியான ஏ.டி.எம். கார்டு. மண்ணைச் சமப்படுத்தவும் அதுவே. கெட்டியான பச்சைப் புள்ளிகளுக்கு ஷேவிங் பிளேடு, ஆனால் மூலையில் கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கோன் பசைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அறுத்துக்கொண்டால் தொட்டி ஒழுகும். இலைமேல் உட்காரும் அழுக்கை ஊதித்தள்ள மெடிக்கலில் கிடைக்கும் 60 மி.லி. சிரிஞ்ச், ஊசி இல்லாமல். பழைய டூத்பிரஷ். மிதக்கும் துண்டுகளை அள்ள டீ வடிகட்டி (தனியாக ஒன்று, அம்மாவிடம் சொல்லிவிட்டு).

அனுபியாஸைக் கட்டையில் கட்டப் பருத்தித் தையல் நூல் போதும். நூல் மக்குவதற்குள் வேர் பிடித்துவிடும். மக்காமல் நிற்க வேண்டும் என்றால் தூண்டில் போடுகிற தங்கூசி நரம்பு. கடலோரத்தில் அதற்கா பஞ்சம்?

படி 5: முதல் வெட்டு

முதலில் ஃபில்டர், விளக்கு, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபில்டர் ஓடாமல் இருந்தால் வெட்டிய துண்டுகள் அதன் வாயை அடைக்காது என்பது கூடுதல் லாபம்.

தண்டுச் செடியில் இலை பிறக்கும் கணுவைக் கண்டுபிடியுங்கள். கணுவுக்குக் கொஞ்சம் மேலே, ஒரே வெட்டு. அறுக்காதீர்கள், திருகாதீர்கள். வெட்டுக்குக் கீழே உள்ள கணுவில் சில நாளில் ஊசிமுனை அளவுக்கு இளம்பச்சையாக ஏதோ எட்டிப் பார்க்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு கிளம்பும். செடி அடர்த்தியாவது இப்படித்தான். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். மொட்டையடித்தால் செடி உறிஞ்ச வேண்டிய சத்து தண்ணீரில் மிச்சமாகி, அதைத் தின்னப் பாசி வந்து உட்கார்ந்துவிடும்.

வெட்டிய தலைப்பகுதியைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் புதுச் செடி. அடியில் ஒரு அங்குல இலையை உருவிவிட்டு, தண்டின் அடி நுனியை இடுக்கியின் நுனியோடு ஒட்டி, இரண்டும் ஒரே கோட்டில் இருக்கப் பிடியுங்கள். நேர்க்குத்தாக இறக்காமல் சாய்த்து மண்ணுக்குள் தள்ளுங்கள். இப்போதுதான் எல்லாரும் தோற்கும் இடம்: இடுக்கியைப் படக்கென்று திறந்தால் மண் விலகி, செடி மிதந்து மேலே வரும். கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தி, இடமும் வலமும் மெல்ல ஆட்டியபடி, போன வழியிலேயே வெளியே எடுங்கள். முதல் நாள் பத்துக்கு ஏழு மிதக்கும். எனக்கும் மிதந்தது.

மற்ற வகைக்கு வேறு கணக்கு. அனுபியாஸிலும் ஜாவா ஃபெர்னிலும் பச்சையாகப் படுத்திருக்கும் ரைசோம் என்ற தடித்த தண்டைக் கத்தரியால் நசுக்கக் கூடாது. பிரிக்க வேண்டுமானால் புது பிளேடால், துண்டுக்கு நான்கு இலையாவது இருக்கும்படி. பழுத்த இலையை மட்டும் காம்போடு நறுக்குங்கள். நாடா போல இலை விடும் வாலிஸ்னேரியா நீளமாகிவிட்டது என்று பாதியில் வெட்டினால் வெட்டிய விளிம்பு பழுப்பாகி அசிங்கமாக நிற்கும். இலையை அடியோடு எடுங்கள். கிரிப்டோகொரைன் என்ற செடியைப் புது இடத்தில் நட்டதும் இலையெல்லாம் கரைந்து போகலாம், பயந்து பிடுங்கிவிடாதீர்கள், வேரிலிருந்து மறுபடி வரும்.

படி 6: உப்புக்காற்றிலிருந்து காப்பாற்றுவது

எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் துருவுக்குக் கவசம். உப்பில் உள்ள குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். முதுநகரிலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் ஜன்னல் கம்பிக்கு நடப்பதுதான் கத்தரிக்கும். அதோடு போர் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும்.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கேன் தண்ணீர் ஒரு டம்ளர் போதும். துணியால் துடைத்து, கத்தரியைத் திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் வையுங்கள். மூடி வைத்தால் ஈரம் மூட்டிலேயே நிற்கும். காய்ந்தபின் மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அடுத்த முறை தொட்டிக்குள் விடும் முன் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு போக நன்றாக அலசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். கிட்டோடு வரும் ரெக்சின் உறையில் ஈரத்தோடு சொருகுவதுதான் என் முதல் கத்தரியைக் கொன்றது. இப்போது தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன்.

இரண்டு தொட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றில் நனைத்த கருவியை அப்படியே அடுத்ததில் விடாதீர்கள். மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய்க் கிருமி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு போகும். முழுக்கக் காய்ந்தால் செத்துவிடும்.

மிஞ்சிய செடித் துண்டுகளை எங்கே போடுவது? கெடிலம் ஆற்றிலோ புதுச்சேரி ஊசுட்டேரியிலோ கொட்டாதீர்கள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடிதான், இன்று அதனால் நம் ஏரிகளுக்கு வந்த கதி தெரியும். நான் இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு மாடியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டுவிடுகிறேன். நல்ல தலைகளாக இருந்தால் ஈரமான செய்தித்தாளில் சுற்றி வைத்துவிடுவேன், சாயங்காலத்துக்குள் தெருவில் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.