அரிய சாயலா, வெளிறிப்போன தலையா? பழைய தபால்தலைகளில் நிறம் பார்க்கும் முறை

தபால்தலைகளை விலையோடு பட்டியல் போடும் புத்தகமான கேட்டலாக்கில் ஒரே தபால்தலைக்குக் கீழே நாலைந்து சாயல்கள் போட்டிருப்பார்கள். மூன்று சாயலுக்குச் சில்லறை விலை இருக்கும், நான்காவதற்கு மட்டும் பல மடங்கு. அதைப் படித்த நிமிடத்திலிருந்து நம்மிடம் இருப்பது அந்த நான்காவதுதான் என்று கண் சாதிக்க ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அது இல்லை. அதனால் "இது அரியதா?" என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த நிறம் கெட்டுப்போன நிறமா?" என்பதை முதலில் கேளுங்கள்.

நிறப்பிழை வேறு, நிறச்சாயல் வேறு. ஸ்வீடன் 1855இல் வெளியிட்ட 3 ஸ்கில்லிங் தலை பச்சையில் வரவேண்டியது, ஒன்றே ஒன்று மஞ்சளில் அச்சாகி உலகப் புகழ் பெற்றது. அது பிழை, சின்னப் பிள்ளைகூடப் பார்த்ததும் சொல்லிவிடும். சாயல் அப்படியில்லை. அதே நிறம்தான், ஒவ்வொரு முறை மை கலக்கும்போதும் கொஞ்சம் இப்படி அப்படிப் போயிருக்கும். அமெரிக்காவின் 1861ஆம் ஆண்டு 3 சென்ட் வாஷிங்டன் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஸ் நிறத்தில் கோடிக்கணக்கில் அச்சானது, மலிவாகவே கிடைக்கும். தொடக்க அச்சில் வந்த பிங்க் அரிது, அதிலும் 'புறா ரத்தப் பிங்க்' என்று பெயர் வைத்திருக்கும் சாயல் மிக அரிது. சாதாரண ரோஸில் இல்லாத ஒரு நீல ஓட்டம் அடியில் தெரியும், வித்தியாசம் அவ்வளவுதான்.

வெளிச்சத்தைச் சரிசெய்யாமல் எதையும் பார்க்காதீர்கள். துணி வாங்கும்போது வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கிறோமே, அதே காரணம்தான்: விளக்கடியில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்பு பகல் வெளிச்சத்தில் வேறு வேறாகிவிடும். நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம், பகல் நேரம், இதுவே போதும். இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால் 5000 முதல் 6500 கெல்வினுக்குள், நிறத்தைச் சரியாகக் காட்டும் தரக்குறியீடு (CRI) 95க்கு மேல் உள்ள விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பல் நிற அட்டையில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி, தலையின் மேல் வைத்து, அந்தத் துண்டு நிறத்தை மட்டும் பாருங்கள். ஆல்பத்தின் பழுப்புத் தாளும் தபால் நிலையம் குத்திய கறுப்பு முத்திரையும் பக்கத்தில் இருந்தால் கண் ஏமாறும். ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாட்டில் ஏதாவது குறை உண்டு, பலருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் சந்தேகமான தலையை இன்னொருவரிடமும் காட்டிவிடுங்கள். கைபேசிப் படத்தை வைத்துச் சாயல் சொல்கிறவர்களை நம்பவேண்டாம், கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்தும். இரண்டு தலைகளையும் ஒரே ஸ்கேனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் ஏதோ கொஞ்சம் ஒப்பிடலாம்.

கேட்டலாக் வெளியிடும் பிரிட்டிஷ் நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸின் நிற அட்டை 200 நிறங்களோடு, ஒவ்வொன்றிலும் தலையை வைத்துப் பார்க்க ஓட்டையோடு வருகிறது. வாங்கலாம், பெயர் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் இன்றைய அட்டையில் அச்சான நிறமும் நூற்றைம்பது வருடத் தாளில் ஊறிய மையும் ஒன்றாக இருக்காது, தவிர ஒரு கேட்டலாக்கின் ரோஸ் இன்னொன்றில் வேறு பெயரில் இருக்கும்.

என்னைக் கேட்டால், நிற அட்டையைவிட நல்ல கருவி அதே தபால்தலையின் மலிவான பிரதிகள்தான், அதுவும் முத்திரையில் தேதி படிக்க முடிகிறவை. ஐம்பது அறுபது சேர்த்து, வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை ஒரு வரிசையாக அடுக்குங்கள். அப்புறம் உங்கள் சந்தேகத் தலையை அந்த வரிசைக்குள் நுழைத்துப் பாருங்கள். எங்கேயோ ஓரிடத்தில் சுகமாகப் பொருந்திவிட்டால் அது வெறும் அடர்த்தி வித்தியாசம்: மை கூடுதலாகப் பூசியிருக்கும், அல்லது அச்சுத் தகடு தேய்ந்து வெளிறியிருக்கும். வரிசையில் எங்கே வைத்தாலும் ஒட்டாமல் வேறு திசைக்கு, நீலத்துக்கோ மஞ்சளுக்கோ, இழுக்கிறதென்றால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். தேதியும் பேசும். மேலே சொன்ன பிங்க் 1861 ஆகஸ்டில் புழக்கத்துக்கு வந்தது. 1865 முத்திரையோடு ஒன்று வந்தால், உடனே சந்தோஷப்படாமல் அந்தத் தலைக்கு இடையில் என்ன ஆனது என்று யோசிக்கவேண்டும்.

இனி கெட்டுப்போன நிறங்கள். ஆரஞ்சு, சில சிவப்பு, சில மஞ்சள் மைகளில் ஈயம் இருக்கும். காற்றில் உள்ள கந்தக வாயு பட்டுப் பட்டு அது கறுத்து ஈய சல்பைடாகும், ஆரஞ்சுத் தலை 'அரிய பழுப்பு' ஆகிவிடும். லென்ஸில் பார்த்தால் கதை வெளியே வந்துவிடும்: பழுப்பு ஒரே சீராக இருக்காது, ஓரத்துப் பற்களிலும் மை தடித்த கோடுகளிலும் கூடுதலாக, வேறொரு தலை மேலே ஒட்டி மறைத்திருந்த இடத்தில் பழைய ஆரஞ்சு அப்படியே. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் அந்தக் கறுப்பு வெள்ளையான ஈய சல்பேட்டாக மாறி நிறம் திரும்பும். ஆனால் தண்ணீரில் கரையும் மை உள்ள தலையில் இதைச் செய்தால் தலையே போய்விடும், மதிப்புள்ளதில் கை வைக்கவே வேண்டாம்.

தண்ணீர் செய்யும் வேலைக்கு பிரிட்டனின் 1883-84 லைலாக் (வெளிர் ஊதா), பச்சைத் தலைகள்தான் உதாரணம். முத்திரையை அழித்து மறுபடி பயன்படுத்தக் கூடாதென்று கரையும் மையில்தான் அவற்றை வேண்டுமென்றே அச்சடித்தார்கள். ஊறப்போட்ட பச்சை வெளிறி மஞ்சளடித்துவிடும். அந்த 'மஞ்சள்பச்சை'யை யாராவது அரிய சாயலாகக் காட்டினால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். இந்தத் தொகுப்பில் விலை போவது மூல நிறம் கெடாத பச்சைதான். பிரஷ்யன் நீலமும் குரோம் மஞ்சளும் கலந்த பச்சைகளில் இன்னொரு ஆபத்து: காரம் (அமிலத்துக்கு எதிரான அல்கலி) பட்டால் நீலம் அழிந்து மஞ்சள் மட்டும் நிற்கும். இதைத் தெரிந்தே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வெயிலில் வெளிறியதைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது, முன்பக்கத் தாளும் பின்பக்கத் தாளும் ஒரே நிறத்தில் இருக்காது.

பின்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் வேறு விதத்திலும் உதவும். பிரிட்டனின் ஒரு பென்னி சிவப்புத் தலையான பென்னி ரெட் ஆரம்ப வருடங்களில் மையிலிருந்த ரசாயனத்தால் தாளையே நீலமாக்கியது, 1857 வாக்கில் வெள்ளைத் தாளுக்கு மாறியது, அதனால் முகத்தில் தெரியும் சிவப்பைத் தாளின் நிறமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அனிலின் என்ற செயற்கைச் சாயமுள்ள மைகள் பல தாளை ஊடுருவிப் பின்னால் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் ஐந்தாம் ஜார்ஜ் 1 பென்னி சிவப்புகளில் சில சாயல்களைப் புறஊதா விளக்கில் ஒளிர்வதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயங்கள் கிடைக்காமல் போனதால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் சிவப்புகளும் இப்படித்தான் தாறுமாறாக அலைகின்றன, தேடுவதற்கு நல்ல இடம்.

இத்தனையும் தாண்டி நின்றால் நிபுணர் சான்றிதழுக்கு அனுப்புங்கள். லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி, நியூயார்க் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் போன்ற இடங்களில் மூலப் பிரதிகளோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். கட்டணம் தலையின் விலையைவிடக் குறைவாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விலை கொடுத்து வாங்குகிறவர் நீங்கள் என்றால், சாயலின் பெயர் எழுதி, தலையின் படத்தோடு உள்ள சான்றிதழ் இல்லாமல் அரிய சாயலுக்கான விலையைக் கொடுக்காதீர்கள். அனுப்பும்வரை கழுவவேண்டாம், பெராக்சைடு வேண்டாம், பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். தலை இன்னும் பழைய கடித உறையிலேயே ஒட்டியிருந்தால் பிரிக்காமல் அப்படியே அனுப்புங்கள், அந்த உறையில் இருக்கும் தேதி உங்கள் பக்கம் நிற்கும் சாட்சி.