ஐஎஸ்டிஎன்: லைனைக் குறை சொல்லும் முன்

கோலாலம்பூரில் பழைய பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்) இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகங்களில் ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் தொலைபேசி லைன்) தகராறு செய்தால் முதலில் வருகிற பேச்சு, "லைன் செத்துப் போச்சு அண்ணே" என்பதுதான். கேபிளைச் சோதித்தால் நன்றாகவே இருக்கும். எக்ஸ்சேஞ்ச் பக்கம் ஒரு செட்டிங், பிபிஎக்ஸ் பக்கம் வேறொரு செட்டிங். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

முதல் தவறு, அமெரிக்கக் கையேட்டைப் பார்த்து அமைப்பது. அங்கே ஒரு பிஆர்ஐ (PRI, பெரிய அலுவலகங்களுக்கான பல சேனல் வகை) லைனுக்கு 23 பேச்சுச் சேனல். மலேசியாவில் இ1 என்ற வகை, அதாவது 30. மொத்தம் 32 நேரத் துண்டுகள், ஒவ்வொன்றும் 64 கிலோபிட். பூஜ்ஜியமாவது துண்டு ஒத்திசைவுக்கு, 16ஆவது சிக்னலுக்கு. 16ஐயும் பேச்சுக்கு ஒதுக்கிவிட்டு 31 சேனல் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டால் ஓர் அழைப்புகூடப் போகாது. குரல் குறியாக்கம் ஏ-லா. அமெரிக்க மியூ-லாவில் விட்டுவிட்டால் அழைப்பு இணையும், பேச்சு கரகரக்கும்.

அதிகம் ஏமாற்றுவது கடிகாரம். எக்ஸ்சேஞ்ச் தரும் துடிப்பைத்தான் பிபிஎக்ஸ் பின்பற்ற வேண்டும். அதைச் சொந்தக் கடிகாரத்தில் ஓடவிட்டால், பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடே போதும்: நொடிக்கு 8,000 ஃபிரேம் (32 துண்டுகளின் ஒரு சுற்று) என்பதால் இரண்டரை நொடிக்கு ஒரு ஃபிரேம் நழுவும். பேசுகிறவர் காதில் சின்ன 'டிக்', அவ்வளவுதான். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஃபேக்ஸ் மட்டும் பாதிப் பக்கத்தில் அறுந்துபோகும், பழி ஃபேக்ஸ் மெஷின் மேல் விழும். புது மெஷின் வாங்கும் முன் பிபிஎக்ஸில் ஸ்லிப் (ஃபிரேம் நழுவல்) எண்ணிக்கையைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அது ஏறிக்கொண்டே போனால் மெஷின் குற்றவாளி அல்ல. இரண்டு பிபிஎக்ஸை நேரடியாகக் கோர்க்கும்போது ஒன்று கடிகாரம் தர வேண்டும், மற்றது வாங்க வேண்டும். ஒன்று நெட்வொர்க் பக்கம், மற்றது யூசர் பக்கம்.

அந்த இணைப்புக்கு லேன் கிராஸ் கேபிள் உதவாது. இ1 ஓடுவது ஆர்ஜே45இன் 1-2, 4-5 ஜோடிகளில். எனவே 1ஐ 4க்கும் 2ஐ 5க்கும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் 75 ஓம் கோஆக்ஸ், மறுபக்கம் 120 ஓம் ஜோடிக் கம்பி என்றால் நடுவில் பாலன் (இரு வகைக் கம்பியையும் பொருத்தும் சிறு இணைப்பான்) வேண்டும். சிஆர்சி-4ஐ (பிழை கண்டறியும் சோதனை) இரு முனையிலும் ஆன் அல்லது இரு முனையிலும் ஆஃப் வையுங்கள்.

சிறிய கடைகளில் இருப்பது வேறொரு பிஆர்ஐ (BRI) லைன்: அதில் இரண்டு பேச்சுச் சேனல், சிக்னலுக்கு ஒரு 16 கிலோபிட் சேனல். என்டி1க்கு (வெளி லைன் வந்து முடியும் பெட்டி) பின்னால் வரும் எஸ் பஸ்ஸில் (கருவிகளை மாட்டும் பொதுக் கம்பி) 8 கருவிகள் வரை மாட்டலாம், ஆனால் இரு கோடியிலும் 3-6, 4-5 ஜோடிகளுக்கு 100 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். எல்லாக் கருவிகளையும் என்டி1ஐயும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை 3க்கும் 6க்கும் இடையே வையுங்கள். இரு கோடியிலும் சாக்கெட்டிலேயே ரெசிஸ்டர் இருந்தால் சுமார் 50 ஓம் காட்டும். 100 என்றால் ஒன்று விடுபட்டிருக்கிறது. 33 என்றால் யாரோ நடுவில் மூன்றாவதைச் சொருகியிருக்கிறார்கள்.

என்டி1இன் விளக்கு பச்சையாக எரிந்தும் அழைப்பே போகவில்லையா? டிஇஐயை (கருவியின் அடையாள எண்) பாருங்கள். பாயின்ட்-டு-பாயின்ட் லைனுக்கு அது 0, பல கருவி லைனுக்கு ஆட்டோ.

எண் அனுப்பும் முறையிலும் சறுக்குவார்கள். எண் வகையை 'நேஷனல்' என்று வைத்தால் கோலாலம்பூரின் 03இல் முன் பூஜ்ஜியத்தை நீக்கி 3 என்றே அனுப்ப வேண்டும், பினாங்கின் 04இலும் அப்படியே. வகையை 'அன்நோன்' என்று விட்டால் பூஜ்ஜியம் இருக்கட்டும்.

அழைப்பு விழாதபோது காரண எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊகிப்பதைவிட அது வேகம். 28 என்றால் எண் வடிவம் தவறு. 34 என்றால் காலிச் சேனல் இல்லை. 44 என்றால் கேட்ட சேனல் கிடைக்கவில்லை: எக்ஸ்சேஞ்சும் பிபிஎக்ஸும் ஒரே சேனலுக்குப் போட்டி போடுகின்றன. எக்ஸ்சேஞ்ச் கீழிருந்து எடுத்தால் பிபிஎக்ஸ் மேலிருந்து எடுக்கட்டும்.

என்டி1ஐயும் பிபிஎக்ஸையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். மாலை இடிமழையில் கரண்ட் போனால் பழைய அனலாக் போன் எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்தில் பேசும். என்டி1 அணைந்தால் பிஆர்ஐயில் (BRI) டயல் டோனே வராது.