கீழே அரித்தால்: களிம்பு வாங்கும் முன் தவிர்க்க வேண்டியவை

கம்பம், கூடலூர், போடி பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, மெட்டு தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் காயெடுக்கும்போது பேசாத கதை கிடையாது. ‘கீழே அரிக்குது’ என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னாலும் “சூடாயிருக்கும்க்கா, மோரைக் குடி” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மழையில் ஊறிய துணி, ஒதுங்க இடமில்லாமை எல்லாம் அரிப்பைத் தரக்கூடியவைதான். ஆனால் மாதக்கணக்கில் நிற்காத அரிப்பைச் சூட்டின் கணக்கில் எழுதக்கூடாது.

இதில் நடக்கும் பெரிய தவறு, யாருமே பார்க்காமல் வைத்தியம் நடப்பது. மெடிக்கலில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து “அரிப்புக்கு ஒரு ட்யூப்” என்று வாங்கிவருவார்கள். பல சமயம் கையில் கிடைப்பது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்பு. ஸ்டீராய்டு இருப்பதால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தியதும் திரும்பும். மறுபடி அதே ட்யூப். இப்படி ஒரு வருஷத்தை ஓட்டியவர்கள் நிறைய.

ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ‘வெள்ளைப்படுது’ என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டோடு வந்துவிடுகிறார்கள். இவர்களுக்குக் கூச்சம், அங்கே கூட்டம். “ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க டாக்டரம்மா” என்று கேட்க வேண்டும். நர்ஸ் கூட நிற்கட்டும் என்றும் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

பார்த்தால்தான் எது எது என்று பிரியும். திப்பி திப்பியாக, பெரிதாக வாடையில்லாமல் வெள்ளைப்பட்டு எரிந்தால் பெரும்பாலும் பூஞ்சை. அது திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். நீர்த்துப்போய் மீன் கவிச்சியடித்தால் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்திருக்கிறது. பச்சை மஞ்சளாக நுரைத்து வந்தால் உடலுறவில் தொற்றும் ட்ரைக்கோமோனாஸ் கிருமியாக இருக்கலாம்; வீட்டுக்காரரும் மாத்திரை சாப்பிட்டால்தான் தீரும்.

மாதவிலக்கு நின்ற பெண்களிடம் அதிகம் தவறிப்போவது ‘லைக்கன் ஸ்கிளிரோசஸ்’ என்ற தோல் நோய். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு. தோல் வெளுத்து, பூண்டுத் தோல் மாதிரி மெலிந்து சுருங்கும். பெண்ணுறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி எட்டு போட்டது போல் வெண்மை படரும். கவனிக்காமல் விட்டால் பெண்ணுறுப்பின் உதடுகள் ஒட்டி, யோனி வாய் குறுகிவிடும். வெண்படை என்று நினைத்து மறைப்பவர்கள் உண்டு. வெண்படையில் பொதுவாக அரிப்போ தோல் மெலிவோ இருக்காது. லைக்கன் ஸ்கிளிரோசஸ் தொற்றாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோய்க்கு மருந்தே வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான். முதல் மாதம் தினமும் இரவில், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை என்று மூன்று மாதம் போடச் சொல்வது வழக்கம். அதற்கு 30 கிராம் ட்யூப் ஒன்றே போதும், அவ்வளவு கொஞ்சமாகத்தான் தடவ வேண்டும். “ஸ்டீராய்டா, வேண்டாம்” என்று பாதியில் நிறுத்துவதும், பூஞ்சைக்கு அதே களிம்பைப் போடுவதும் ஒரே அளவுக்குத் தவறு. இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குள் பெண்ணுறுப்பின் வெளித்தோலில் புற்றுநோய் வரலாம். அதனால் அரிப்பு நின்ற பிறகும் வருடத்துக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும்.

அந்தப் புற்றுநோய் அபூர்வம்தான், வயதானவர்களிடமே அதிகம். ஆறாத புண், மரு போல் தடித்த இடம், நிறம் மாறும் கருந்திட்டு, தொடை இடுக்கில் நெறி என்று காட்டிக்கொடுக்கும். காலில் முள் குத்தியதால் நெறி கட்டியது என்று மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். யோனிப்பாதையில் வரும் புற்று இன்னும் அபூர்வம். மாதவிலக்கு நின்றபின் ரத்தம் படுவது அதன் முக்கிய அறிகுறி. ஒரே ஒரு சொட்டு என்றாலும் காட்டியாக வேண்டும்.

“கர்ப்பப்பையே எடுத்தாச்சு, இனி என்ன வரப்போகுது?” என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. கர்ப்பப்பை போனாலும் யோனிப்பாதையும் வெளித்தோலும் அங்கேயேதான் இருக்கின்றன. பாப் ஸ்மியர் நார்மல் என்ற நிம்மதியும் முழுமையானதல்ல. அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை, வெளித்தோலுக்கல்ல.

“சதை எடுத்தா பரவிடும்” என்று பயாப்ஸியைத் தட்டிக்கழிப்பதுதான் ஆளைக் கவிழ்ப்பது. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் தோல் எடுப்பார்கள். அதனால் புற்று பரவாது. எடுக்காமல் கடத்திய மாதங்களில்தான் வளரும்.

டெட்டால் ஊற்றிக் கழுவுவதும், உள்ளே தண்ணீர் பீய்ச்சுவதும் வேண்டாம். உள்ளே நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் இயல்பாகவே அமிலத்தன்மையைக் காக்கின்றன. வெளியே வெறும் தண்ணீர் போதும். தோட்டத்தில் மருந்தடித்த கையோடு மட்டும் ஒதுங்கப் போகாதீர்கள்.

யோனி வாயின் ஒரு பக்கம் கோலிக்குண்டு அளவில் வீங்கினால் பெரும்பாலும் அது, அங்கே ஈரம் சுரக்கும் பார்த்தோலின் சுரப்பியில் வந்த கட்டி. சீழ் பிடித்தால் உட்கார முடியாது. ஊசியால் குத்திவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக வந்தால் சதைப் பரிசோதனையையும் கேளுங்கள்.

மாதம் ஒருமுறை குளியலறையில் குந்தி உட்கார்ந்து, கைக்கண்ணாடியைக் கீழே பிடித்து, போன் வெளிச்சத்தில் உதடுகளை விலக்கிப் பாருங்கள். இயல்பு எது என்று தெரிந்தால்தான் மாறியது கண்ணில் படும்.

நம் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்றும் உண்டு. மலையில் நெடுங்கண்டத்தில் ஒரு டாக்டர், கீழே கம்பத்தில் இன்னொருவர். இரண்டு இடத்திலும் வைத்தியம் முதலிலிருந்து தொடங்கும், சீட்டு எதுவும் கையில் இருக்காது. எல்லாச் சீட்டையும், முக்கியமாக பயாப்ஸி ரிப்போர்ட்டை, ஒரே பையில் போட்டு வையுங்கள். தேனி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்குப் போனாலும் கோட்டயத்துக்கோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.