ஸ்கட் விஷயத்துல நிறைய பேர் பண்ற தப்புகள்

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ பக்கம் ஏரி குளத்துல பாசிக்கு நடுவுல இறால் மாதிரி ஒரு குட்டி உயிரி இருக்கும், ஒரு சென்டிமீட்டர் நீளம் கூட இருக்காது, உடம்பு வளைஞ்சு பக்கவாட்டுல தட்டையா இருக்கும், விருட்டுனு ஓடும், அதான் ஹயலெல்லா அஸ்டெக்கா, மீன் தொட்டி வச்சிருக்கவங்க ஸ்கட்னு சொல்றது.

இதை நடுத்தண்ணில வலை போட்டு தேடாதீங்க. வெளிச்சம் ஆகாது, பகல்ல மக்கின இலை, செடித்தண்டு, சேத்து மேல்பக்கம்னு ஒளிஞ்சிருக்கும். ஒரு கைப்பிடி செடிய வெள்ளைத் தட்டுல தண்ணி ஊத்தி உதறிட்டு சும்மா உக்காருங்க, கொஞ்ச நேரத்துல ஓரமா நகர ஆரம்பிக்கும்.

அடுத்தது, வளர்க்கிறேன்னு எடுத்துட்டு வந்து தொட்டியை பளிச்சுனு கழுவிடறாங்க. இலைமேல படியிற பாசி, பாக்டீரியாதான் அதுக்கு சாப்பாடு, அதை துடைச்சுட்டா என்னத்த திங்கும்? குளோரின் போகாத குழாத்தண்ணி, காப்பர் கலந்த மீன் மருந்து, ரெண்டும் கூடவே கூடாது.

ஒன்னு மேல ஒன்னு ஒட்டிக்கிட்டு நீந்துறதைப் பாத்து பெருசு சின்னதை திங்குதுன்னு பிரிச்சு விடறவங்களப் பாத்தா ரொம்ப கஷ்டமா இருக்கும். அது ஆண், பெண்ணைப் பிடிச்சுக்கிட்டு பெண் தோல் உரிக்கிற வரைக்கும் காத்திருக்கு, அப்பதான் இனச்சேர்க்கை. முட்டை தாயோட வயித்துப் பைக்குள்ளயே பொரிஞ்சு, அம்மா மாதிரியே குட்டியா வெளிய வரும், தனியா நீந்துற லார்வா பருவமெல்லாம் கிடையாது.

எனக்கு முக்கியமா படுற தப்பு இது: ஸ்கட் இருக்கு, அப்ப தண்ணி சுத்தம்னு முடிவு கட்டறது. விஷத்துக்கு சீக்கிரம் பாதிக்கப்படும்ங்கறதாலதான் அமெரிக்காவுல ஆத்து அடிமண்ணை 23 டிகிரில வச்சு, அதுல இதை 10 நாள் விட்டு எத்தனை பிழைக்குதுன்னு டெஸ்ட் பண்றாங்க, சரிதான். ஆனா கலிஃபோர்னியாவுல சில ஓடைகள்ல பைரித்ராய்டு பூச்சிமருந்தைத் தாங்குற ஸ்கட் இருக்குன்னு 2013ல ஆய்வுல வந்துச்சு. அங்க இது உயிரோட இருக்கறத மட்டும் வச்சு ஒன்னும் சொல்ல முடியாது, தண்ணியை தனியா சோதிக்கணும். அதோட ஒரே பேர்ல கூப்பிடறது உண்மைல பல இனம்னு டிஎன்ஏ காட்டியிருக்கு, அதனால ஒரு ஏரி ரிசல்ட்டை அப்படியே இன்னொரு ஏரிக்கு போடாதீங்க.

தொட்டியோட மிச்சத் தண்ணியை வேற குளத்துல கொட்டவும் வேண்டாம். கருங்கடல், காஸ்பியன் பக்கத்து ஆம்ஃபிபாட் (ஸ்கட்டோட வகையறா) ஒன்னு, டிகெரோகாமரஸ் வில்லோசஸ், ஐரோப்பாவுல நிறைய இடத்துல பரவி 2010ல இங்கிலாந்துல கிராஃபம் வாட்டர்ங்கற நீர்த்தேக்கம் வரைக்கும் வந்திருச்சு, மத்த பூச்சிகளையும் சின்ன ஸ்கட்டையும் கொன்னு போடும். வலை, பூட்ஸ் எல்லாத்தையும் நல்லா பாத்து, கழுவி, முழுசா காய வச்சுட்டு அடுத்த ஏரிக்குப் போங்க.