புது மினி டிராக்டர்: டீலரிடமும் வயலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரில் யாராவது மினி டிராக்டர் வாங்கப் போகிறார்கள் என்றால் முதலில் வரும் கேள்வி, "எந்தக் கம்பெனி நல்லதுங்க?" என்பதுதான். தென்னைக்குள்ளும் மஞ்சள் காட்டிலும் ஓட்ட ஒரு 24 குதிரைத்திறன் வண்டி எடுத்தபோது நானும் இதே கேள்வியோடுதான் பத்துப் பேரிடம் போய் நின்றேன். இப்போது என்னிடம் யாராவது கேட்டால், அந்த வண்டிக்குப் பழுது பார்க்கும் இடம் உங்கள் தோட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். இன்ஜின் எல்லாக் கம்பெனியிலும் ஓரளவு நன்றாகவே வருகிறது. உழவு நேரத்தில் பத்து நாள் வண்டி நின்றுபோவது பெரும்பாலும் இன்ஜினால் அல்ல, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஒரு சீலோ, பேரிங்கோ கிடைக்காததால்தான்.

ஷோரூமோடு திரும்பிவிடுவது

விலை பேச உட்காருவதற்கு முன் பின்பக்கம் ஒர்க்ஷாப்புக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே பிரித்துப் போட்டபடி எத்தனை வண்டி நிற்கிறது, சீட்டில் தூசி படியும் அளவுக்கு நிற்கிறதா என்று பாருங்கள். வேலை செய்கிறவரிடம் நேராகக் கேட்கலாம்: "இந்த வண்டி எதுக்காக நிக்குது, எத்தனை நாளா?" சாமான் வரவில்லை என்று அவர் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மினி டிராக்டருக்கு இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் அதிகம் ஓடுவது 40, 50 குதிரைத்திறன் வண்டிகள். டீலரின் சாமான் அறையில் நிறைந்திருப்பதும் அவற்றின் சாமான்தான். மினிக்கு வரும் கிளட்ச் தட்டும் முன் அச்சு சீலும் வேறு. அதனால் வாங்கப்போகும் மாடலைச் சொல்லி, ஹைட்ராலிக் பில்டர், முன் அச்சு சீல், கிளட்ச் தட்டு மூன்றும் இன்று கையிருப்பில் இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். மூன்றுக்கும் "ஆர்டர் போட்டா வந்துடும்" என்றுதான் பதில் என்றால், பழுது வரும் நாளிலும் அதே பதில்தான் கிடைக்கும்.

மானியத்தில் வாங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு சறுக்கல் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வரும் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் ஓர் உச்சவரம்புக்குள் கிடைக்கிறது. மானியப் பட்டியலில் பல மாடல்கள் இருக்கும். எது சீக்கிரம் பாஸ் ஆகும் என்று ஏஜென்ட் சொல்கிறாரோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்தக் கம்பெனிக்கு நம் மாவட்டத்திலேயே டீலர் இல்லை என்பதை அப்புறம் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே டிராக்டர்களைச் சோதித்து எழுதும் அறிக்கையில் பிடிஓவில் (இன்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு) கிடைக்கும் உண்மையான திறன், டீசல் செலவு, பின்னால் மாட்டும் கருவியை லிப்ட் தூக்கும் எடை எல்லாம் இருக்கும். விளம்பரத் தாளை விட அதைக் கேட்டு வாங்கிப் படிப்பது எவ்வளவோ நல்லது.

மாலை போட்டதும் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவது

வண்டிக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சையை நசுக்கி, குடும்பத்தோடு போட்டோ எடுக்கும் நேரத்தில் யாரும் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்ப்பதில்லை. ஆனால் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். இன்ஜின் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர், முன் அச்சு எண்ணெய், சக்கர நட்டு, டயர் காற்று எல்லாவற்றையும் டீலர் ஆள் உங்கள் முன்னால் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி தயாரான மாதத்தையும் பாருங்கள். ஒரு வருடம் யார்டில் வெயிலில் நின்ற வண்டிக்கு பேட்டரி சோர்ந்திருக்கும், டயர் பக்கவாட்டில் முடி போல வெடிப்பு ஓடியிருக்கும். வாரண்டி எந்தத் தேதியில் பதிவானது என்பதை சேஸ் நம்பர், இன்ஜின் நம்பரோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய ரோட்டவேட்டர், வெட்டாத ஷாப்ட்

என் பணமும் தூக்கமும் போன இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

24 குதிரைத்திறன் என்றால் பிடிஓவில் கிடைப்பது சுமார் 20 தான். அதற்கு, மண்ணைக் கத்திகளால் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் நான்கடி அகலம் இருந்தால் போதும். ஐந்தடி மாட்டினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். கனமான மண்ணில் இன்ஜின் திணறி, சூடேறி, கிளட்ச் தேயும். பிறகு "புது வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று டீலரிடம் சண்டைக்குப் போவோம்.

அளவு சரியாக இருந்தாலும் ஷாப்டைப் பார்க்க வேண்டும். ரோட்டவேட்டரோடு வரும் பிடிஓ ஷாப்ட் பொதுவான ஒரு நீளத்தில் வருகிறது. மினிக்கு அது பல நேரம் நீளம். குழாய்க்குள் குழாயாக நழுவும் இரண்டு பாகம் அது. லிப்ட் ஏறி இறங்கும்போது டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவிலான தூரம் மாறும். தூரம் மிகக் குறைவாக வரும் உயரத்தில் உள்குழாய் போய் அடியில் முட்டக்கூடாது, ஓர் அங்குலமாவது இடம் இருக்க வேண்டும். முட்டினால் அந்த இடி முழுக்க ஒரு பக்கம் டிராக்டரின் பிடிஓ பேரிங்கிலும், மறுபக்கம் ரோட்டவேட்டர் கியர்பாக்ஸிலும் போய் இறங்கும்.

என் வண்டியில் வரப்போரம் லிப்டைத் தூக்கும்போதெல்லாம் டக்கென்று ஒரு சத்தம். "புது வண்டிங்கண்ணா, ஓட ஓடச் சரியாயிடும்" என்றார் வண்டியைக் கொண்டுவந்து ரோட்டவேட்டரையும் மாட்டிவிட்ட டீலர் கடைத் தம்பி. நானும் நம்பினேன். வண்டி 70 மணி நேரம் ஓடிய வாக்கில் பிடிஓவுக்கு அடியில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. ரோட்டவேட்டர் வேறு கடையில் வாங்கியது, அதனால் வந்த பழுது, வாரண்டி கிடையாது என்று டீலர் சொல்லிவிட்டார். மஞ்சள் நடவுக்குக் காடு தயாராக வேண்டிய நேரம். மூன்று வாரம் வண்டி கொட்டகையில் நின்றது, நான் வாடகை வண்டி வைத்து உழவு ஓட்டினேன்.

கடைசியில் பேரிங் மாற்றிய பெரியவர்தான் ஷாப்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். உள்குழாயின் முனை கொட்டாப்புளியில் அடித்த மாதிரி மழுங்கியிருந்தது. இரண்டு பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, குழாய்களையும் பிளாஸ்டிக் உறையையும் ஒரே அளவில் இரண்டு அங்குலம் வெட்டினார். பிசிறை அரத்தால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினார். அரை மணி நேர வேலை. சத்தம் அன்றோடு நின்றது. முதல் நாள் அந்தச் சத்தத்தை வீடியோ எடுத்து டீலருக்கு அனுப்பியிருந்தால், "நீங்கள்தானே மாட்டிக் கொடுத்தீர்கள்" என்று கேட்க என் கையில் ஏதாவது இருந்திருக்கும். என்னிடம் எதுவும் இல்லை.

இதோடு சேர்ந்த இரண்டு. கல்லில் அடிபட்டால் உடைவதற்காகவே சில ரோட்டவேட்டரில் மெல்லிய போல்ட் ஒன்று வைத்திருப்பார்கள். அது அடிக்கடி உடைகிறது என்று உறுதியான போல்ட் போட்டால், அடுத்த முறை உடைவது கியர் பல். சொட்டுநீர்க் குழாய், சாக்குக் கயிறு, தென்னை நார் எல்லாம் ரோட்டவேட்டர் தண்டின் இரு முனையிலும் சுற்றி இறுகி சீலை அறுத்துவிடும். சாயங்காலம் ஒரு கத்தியோடு குனிந்து அறுத்து எடுத்துவிட்டால் தீர்ந்தது.

முதல் 50 மணி

புது இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் உரசி விழும் இரும்புத் துகள் எண்ணெயில்தான் கலக்கும். பெரும்பாலான மினிகளுக்கு 50 மணியில் முதல் சர்வீஸ் வைத்திருப்பது அதனால்தான். சீசன் நடக்கிறது, முடிந்ததும் விடலாம் என்று 90, 100 மணிக்குப் போய் நின்றால் இரண்டு நஷ்டம். துகள் கலந்த எண்ணெயிலேயே பேரிங் ஓடியிருக்கும். அப்புறம் பெரிய பழுது வரும்போது, முதல் சர்வீஸ் தள்ளிப்போனதை எடுத்துக்காட்டி வாரண்டியை மறுப்பார்கள். ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டர் 40ஐத் தொட்டதுமே போன் போட்டு நாள் வாங்கிவிடுங்கள்.

அந்த 50 மணியும் வண்டியை முழுப் பாரத்தில் வதைக்கவும் வேண்டாம், வெறுமனே ஓடவிட்டு நிறுத்தியும் வைக்க வேண்டாம். மிதமான உழவில் பழகட்டும்.

சேறும் தண்ணீரும்

சேற்றுழவு ஓட்டுகிறவர்களுக்கு முன் அச்சுதான் கவலை. நான்கு சக்கர இழுவை உள்ள மினியில் முன் அச்சுக்குள்ளும் கியர் ஓடுகிறது. சீல் லேசாக விட்டால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. உழவு முடிந்த மறுநாள் காலை, வண்டியை அசைப்பதற்கு முன், அச்சின் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தி நான்கு சொட்டு கையில் பிடித்துப் பாருங்கள். இரவு முழுக்க நின்றதில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். முதலில் தண்ணீர் வந்தாலோ, எண்ணெய் பால் ஊற்றிய காப்பி மாதிரி இருந்தாலோ, அன்றைக்கே போட்டோ எடுத்து டீலருக்கு அனுப்பிவிட்டு வண்டியை நிறுத்துங்கள். சீல் மாற்றுவதோடு முடியும். அப்படியே ஒரு பருவம் ஓட்டினால் பேரிங், கியர் எல்லாம் துருப்பிடித்துவிடும்.

கழுவும்போது பிரஷர் பம்பை ஒயர் இணைப்புகள் மேல் பிடிக்காதீர்கள். திடீரென்று ஸ்டார்ட் ஆகாத பல புது வண்டிகளில் குறை இன்ஜினில் இருப்பதில்லை. கிளட்சுக்கும் நியூட்ரலுக்கும் வைத்திருக்கும் பாதுகாப்பு சுவிட்சில் தண்ணீர் போயிருக்கும், இல்லையென்றால் எலி ஒயரைக் கடித்திருக்கும்.

தார் ரோட்டில் போகும்போது முன்சக்கர இழுவையை எடுத்துவிட வேண்டும். முன் சக்கரம் பின் சக்கரத்தை விடச் சற்று வேகமாக உருளும்படிதான் கியர் பல் கணக்கு வைத்திருக்கிறார்கள். மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கிச் சரியாகிவிடும். ரோட்டில் வழுக்க இடமில்லாததால் டயரும் முன் கியரும் தேய்கின்றன. டயர் மாற்றும்போது மலிவு என்று வேறு அளவு போட்டாலும் இதே கதிதான்.

வாய்வார்த்தையில் புகார், வெளி ஆள் கையில் சாவி

இத்தனை வருடம் அல்லது இத்தனை மணி, எது முந்துகிறதோ அதுவரை என்கிற மாதிரித்தான் வாரண்டி இருக்கும், அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதில் கிளட்ச் தட்டு, பிரேக், பெல்ட், பில்டர் போன்ற தேயும் சாமான் சேராது. டயர், பேட்டரி, டீசல் பம்பு போன்றவற்றுக்கு அவற்றைச் செய்த கம்பெனிதான் பல நேரம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். டீசல் பம்பை யாரும் திருகாமல் இருக்க அதில் ஒரு முத்திரை வைத்திருப்பார்கள். ஊர் மெக்கானிக் புகையைக் குறைக்கிறேன் என்று அதை அறுத்துவிட்டால் அந்த வாரண்டி போனது போனதுதான். வாரண்டிக் காலத்தில் எதையும் வெளியில் பிரிக்கக் கொடுக்காதீர்கள். எத்தனை நல்ல மெக்கானிக்காக இருந்தாலும் சரி.

விற்றவரிடம் போனில் சொல்வது புகாரே ஆகாது. அடுத்த மாதம் அவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். கம்பெனியின் இலவச எண்ணில் பதிவு செய்து புகார் எண்ணை வாங்குங்கள். மணி மீட்டரோடு போட்டோ எடுத்து சர்வீஸ் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒவ்வொரு முறை வண்டி ஒர்க்ஷாப் போகும்போதும், நீங்கள் சொன்ன குறை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் (ஒர்க்ஷாப்பில் வேலையை எழுதும் தாள்) ஏறியிருக்கிறதா என்று படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். "பொது சோதனை" என்று மட்டும் எழுதியிருந்தால், கசிவுக்காக நீங்கள் நான்கு முறை போனதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

அதற்கும் அசையவில்லை என்றால் டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்துப் பதிவுத் தபாலில் கடிதம். பிறகு 1915 நுகர்வோர் உதவி எண், மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போக வேண்டும். விவசாயம் தொழில், நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். பிழைப்புக்காகச் சுயமாகத் தொழில் செய்ய வாங்கிய பொருளுக்கு அந்த வாதம் பொருந்தாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. குறை தயாரிப்பிலா, ஓட்டியதிலா என்று நிபுணர் கருத்து கேட்கவும் ஆணையத்துக்கு வழி உண்டு. வண்டியை வெளியில் பிரிக்காமல் வைத்திருந்தால்தான் அந்தக் கருத்துக்கு மதிப்பு இருக்கும்.

வாரண்டி முடியும் மாதத்தை வீட்டுக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்போ, வாரண்டி மணி முடிய 100 மணி இருக்கும்போதோ வண்டியை நன்றாகக் கழுவி, ஒருநாள் உழவு ஓட்டி, அடியில் அட்டை விரித்து இரவு நிறுத்துங்கள். காலையில் அட்டையில் எங்கெங்கே சொட்டு விழுந்திருக்கிறதோ அத்தனையும் தனித்தனி வரியாக ஜாப் கார்டில் ஏற வேண்டும். அந்த அட்டையையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம், நான் அப்படித்தான் செய்தேன்.